"ஏற்கிறேன்" என்று அழுத்துவதற்கு முன்

இணையத்தளம் ஒன்றைத் திறந்ததும் திரையின் அடியில் ஓர் அறிவிப்பு எழும்புகிறது: "நாங்கள் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம்." பரீட்சைப் பெறுபேறு பார்க்கும் மாணவரும் தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி விலையைத் தேடும் விவசாயியும் அதைப் படிப்பதில்லை. 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்க்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "நம்மைப் போன்ற சாதாரண ஆட்களின் விபரத்தை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்பார்கள். மாத்தளை நகரத்துக் கொமினிகேஷன் கடைகளிலிருந்து ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்கள் வரை பரவியிருக்கும் எண்ணம் இது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"குக்கீ ஒரு சின்னக் கோப்புதானே?"

சின்னதுதான். அது வைரஸும் அல்ல. தானாக இயங்கி எதையும் திருடாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி அதை உருவாக்கியதற்கு நியாயமான தேவை இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் யார் என்பதை இணையத்தளம் மறந்துவிடும். ஆகவே உலாவியிடம் ஒரு குறிப்பைக் கொடுத்து, மறுபடி வரும்போது அதைக் காட்டச் செய்தார்கள். வங்கித் தளத்தில் நுழைந்த பின் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். அதில் எனக்குக் குறையில்லை.

என் எதிர்ப்பு மூன்றாம் தரப்புக் குக்கீகள் மீது. நாம் திறந்தது செய்தித் தளம். அந்தப் பக்கத்தில் விளம்பரம் வைத்திருக்கும் வேறொரு நிறுவனமும் நம் உலாவியில் தன் குக்கீயைப் பதிக்கிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் ஒரே அடையாள எண்ணை அது வாசித்துக்கொள்ளும். காலையில் படித்த செய்தி, மதியம் தேடிய அடகு வட்டி, இரவில் தேடிய நோயின் அறிகுறி எல்லாம் ஓர் எண்ணின் கீழ் சேர்கின்றன. கோப்பு சின்னதாக இருக்கலாம். அந்த எண்ணைக் கொண்டு வேறிடத்தில் சேரும் பதிவு சின்னதல்ல.

"பெயர் இல்லையே, வெறும் எண்தானே?"

எண்ணுக்குப் பெயர் கிடைக்க அதிக நேரம் ஆகாது. கண்காணிக்கும் நிறுவனத்தின் தளத்திலேயே நமக்கு ஒரு கணக்கு இருந்து, அதே உலாவியில் ஒருமுறை உள்நுழைந்தால் போதும். அதுவரை சேர்ந்ததையும் பெயரோடு இணைத்துவிடலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே, ஒருவரை இனங்காட்டக்கூடிய இணைய அடையாளக் குறியைத் தனிப்பட்ட தரவு என்றுதான் கொள்கிறது.

நம்மைப் பற்றிய குறிப்பு பிறர் கையில் இருப்பது மலையகத்துக்கு விளங்காத விடயமல்ல. தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோரின் பாதையில் 2023இல் நம் மக்கள் மீண்டும் நடந்து, இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள். அந்த வரலாற்றில் 'துண்டு' முறையும் உண்டு. எவ்வளவு கடனைக் கட்டினால் தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். யாரைப் பற்றிய சீட்டோ, அவருக்கு அதில் ஒரு சொல்லை மாற்றவும் உரிமை இல்லை. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளரின் விலங்கையும் உலாவியின் குறிப்பையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை நாமே சுமந்து போய்க் காட்டி, அதைக் கொண்டு பிறர் நம்மை மதிப்பிட விடுவது எத்தகையது என்பதை இந்த மண் அறியும்.

"விளம்பரம்தானே காட்டுகிறார்கள்?"

எந்த விளம்பரம், யாருக்கு, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. நுண்கடன் தவணையால் நெருக்கப்பட்ட ஒரு பெண் நகை அடகு பற்றித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நெருக்கடியை அறிந்த விளம்பரச் சந்தை, இன்னொரு கடனை அவர் கண்முன் நிறுத்த முடியும். இது வசதி அல்ல. பலவீனம் தெரிந்து விரிக்கும் வலை.

சேரும் விபரம் விளம்பரத்தின் பெயரால் எங்கெங்கோ போகவும் செய்யும். உளநல ஆலோசனை வழங்கும் அமெரிக்க நிறுவனமான பெட்டர்ஹெல்ப், இரகசியமாக வைப்பதாக வாக்களித்த பயனர் விபரங்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக், ஸ்னாப்சாட் முதலியவற்றுடன் பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2023இல் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 78 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. மனம் நொந்து உதவி கேட்டவர்கள் மறைக்க வேண்டிய குற்றம் எதையும் செய்திருக்கவில்லை. "மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"நானே அழுத்தினேன், அது சம்மதம்தானே?"

சம்மதம் என்றால் விளங்கிக்கொண்டு, சுதந்திரமாகத் தருவது. நம் சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. பயனருக்காக முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி சம்மதமாகாது என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குக்கீயை ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இருக்கவில்லை என்பதற்காக, பிரான்சின் தரவுக் காப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

நம் நிலை இன்னும் மோசம். அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. தமிழில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒருவர், விளங்காத வாசகத்தின் கீழ் பொத்தானை அழுத்துவதைச் சம்மதம் என்று எண்ணுவது நியாயமல்ல.

"இன்காக்னிட்டோ போட்டால் போதும், கூகுளே குக்கீயை நிறுத்தப் போகிறதாமே?"

இன்காக்னிட்டோ என்ற உலாவியின் மறைநிலைப் பயன்முறை நம் கருவியில் தடத்தை அழிக்கும். எதிர்ப்பக்கம் பார்ப்பதை முழுதாக நிறுத்தாது. அந்தப் பயன்முறையில் சேர்த்த தரவு தொடர்பான வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024இல் இணங்கியது. மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தன் குரோம் உலாவியிலிருந்து நீக்குவதாக 2020இல் அறிவித்த அதே நிறுவனம், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. சபாரி உலாவி 2020இலிருந்து அவற்றை முற்றாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியே பூட்டி வைக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு இவை சான்று.

நாம் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. குரோமின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம். அறிவிப்பில் 'மறுக்கிறேன்' இருந்தால் அதை அழுத்தலாம். பெரும்பாலான தளங்கள் அதன் பின்னும் வேலை செய்யும். கொமினிகேஷன் கடைக் கணினியில் கணக்கைத் திறந்தவர் வெளியேறாமல் எழுந்தால், அங்கே தங்கும் குக்கீ அடுத்து அமர்பவருக்குக் கதவைத் திறந்துவிடும். ஆகவே அங்கே வெளியேறிவிட்டு, உலாவியில் தங்கியதையும் அழித்துவிட்டு எழ வேண்டும்.

ஆனால் முழுப் பாரத்தையும் தனிமனிதர் தலையில் ஏற்றுவது அநீதி. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நம் சட்டத்தின் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அவற்றை உறுதியாக நடைமுறைப்படுத்தும்படி தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடமும் நம் மக்கள் பிரதிநிதிகளிடமும் கேட்போம். இலங்கையர்களிடம் சம்மதம் கேட்கும் ஒவ்வொரு தளமும் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்க வேண்டும்; மறுக்கும் பொத்தானை ஏற்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் வைக்க வேண்டும். சாதாரண ஆட்களின் விபரத்துக்கு விலை இல்லை என்றால், அதைச் சேர்க்க உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் இவ்வளவு பாடுபடுமா?