ஏழு கிலோ கணக்கு

"கேமராவை செக்-இன்ல போட்டுடு, என்ன ஆயிடப் போகுது?" என்று சொல்லும் புண்ணியவான்களே, ஒரு கணக்கு பார்ப்போமா? (பி.காம். படிக்கிறவனுக்கு வேற என்ன தெரியும்!)

எங்க கம்பைநல்லூர்ல கல்யாணப் படம் எடுக்கிற அண்ணன் ஒருத்தர், வெளியூர் ஆர்டர்னா பெங்களூரு போய் விமானம் ஏறுவார். கேனான் 5டி மார்க் 4 ரெண்டு, 70-200, 24-70 லென்ஸ்... இதுவே நாலு கிலோ. ஃப்ளாஷ், லேப்டாப், பையோட எடை தனி. உள்நாட்டு விமானத்துல கையில கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோதான்.

சரி, கீழே போடலாம்னா? உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன்ல போடக்கூடாது. தீப்பிடிச்சா சரக்கறையில போய் அணைக்க ஆளில்லை, அதனால அது நியாயம். ஆனா கேமரா? உள்நாட்டுல பெட்டி தொலைஞ்சா இழப்பீட்டு உச்சவரம்பு 20,000 ரூபாய். அந்த லென்ஸ் ஒண்ணே லட்சத்துக்கு மேல! போதாததுக்கு, விலையுயர்ந்த பொருளை செக்-இன்ல வைக்காதீங்கன்னு நிபந்தனையில அவங்களே எழுதியிருப்பாங்க. கீழேயும் வைக்காதே, மேலேயும் ஏத்தாதேன்னா தலையிலயா வைக்கிறது?

ட்ரைபாட், லைட் ஸ்டாண்டைக் கீழே போட்டாச்சு. அதுக்கு மேல குறைக்க ஒண்ணுமில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் மட்டுமாவது தனிச் சலுகை குடுங்கய்யா.

அண்ணன் இப்போ 70-200ஐ ஜெர்கின் பாக்கெட்டுல திணிச்சுக்கிட்டு தராசைத் தாண்டுறார், சித்திரை வெயில்ல. அதே எடை, அதே விமானம்.