கண்டெடுத்தவர் கணக்கும் ஒளித்தவர் கடமையும்

ஆண்டு முடிந்தால் கணக்குப் பார்ப்பது வியாபாரிகளின் வழக்கம் மட்டுமல்ல. ஜியோகேச்சிங் ஆடுபவர்களும் பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் பொது இடத்தில் ஒரு சிறு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கண்டுபிடித்ததாகப் பதிவு செய்தால் இணைய வரைபடத்தில் ஒரு மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் தோன்றும். ஆண்டு இறுதியில் பலரும் எண்ணிப் பார்ப்பது அந்த முகங்களைத்தான். அந்த எண்ணை மட்டும் வைத்து ஓராண்டை எடைபோடுவது இந்த விளையாட்டின் அடித்தளத்தையே அரித்துவிடும் என்கிறேன்.

அடித்தளம் எதுவென்று அறிய அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதிபர் கிளின்டனின் உத்தரவால் 2000 மே மாதத் தொடக்கத்தில் அது நீங்கியது. நூறு மீட்டர் வரை தவறிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. அதைச் சோதித்துப் பார்க்க டேவ் அல்மர் என்பவர் மே 3ஆம் தேதி ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்தார். உள்ளே புத்தகங்கள், கணினி மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே நிபந்தனை. காவலாளும் இல்லை, பூட்டும் இல்லை. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இருக்கின்றன; அவை அனைத்தும் முன்பின் அறியாதவரின் நேர்மையை நம்பியே கிடக்கின்றன. செயற்கைக்கோள் நம்மைச் சில மீட்டர் தூரம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் எல்லாம் நம்பிக்கைதான்.

எண்ணிக்கை மோகம் அந்த நம்பிக்கையை என்ன செய்தது என்பதற்கு நெவாடா மாநிலத்தின் 375ஆம் எண் நெடுஞ்சாலை சாட்சி. டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியை ஒட்டியே, பாலைவனச் சாலையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிலிம் டப்பாக்கள் வரிசையாக வைக்கப்பட்டன. காரை நிறுத்துவதும் இறங்குவதும் கையெழுத்திடுவதும் மீண்டும் ஏறுவதும் ஆபத்தானது என்று மாநிலப் போக்குவரத்துத் துறை சொன்னதால், 2011இல் அவை அகற்றப்பட்டன. இத்தகைய தடங்களில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. முன்கூட்டியே முத்திரை குத்திய டப்பாவை வைத்துவிட்டு, அங்கிருந்ததை எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போகும் வழியில் அதில் முத்திரை குத்துவார்கள். எந்த டப்பாவும் அதன் இடத்தில் இருக்காது. வேறு சிலர் தேடியது கிடைக்காவிட்டால் தாங்களே ஒரு புது டப்பாவைப் போட்டுவிட்டு, கண்டுபிடித்ததாக எழுதிவிடுகிறார்கள்.

விளையாட்டு என்றால் எண்ணிக்கை இருக்கத்தானே செய்யும், அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை, ஆனால் இந்த எண் எதையும் அளப்பதில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் சிரமம், போகும் பாதையின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் தரப்படுகின்றன. விளக்குக் கம்பத்தடியில் கிடைப்பதும், கயிறு கட்டிப் பாறையேறி எடுப்பதும் கணக்கில் ஒன்றுதான். தேடியும் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதுபவருக்கோ எண் கூடுவதே இல்லை. டப்பா தொலைந்துபோனதை வைத்தவருக்கு உணர்த்துவது அந்தப் பதிவுதான். தோல்வியை மறைப்பவர் தனக்குப் பின்னால் வருபவர்களையும் வீணாக அலையவிடுகிறார்.

பொது இடத்தில் டப்பாவை ஒளிப்பதே தொல்லை என்பது இன்னொரு தரப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இப்படி ஒளித்த ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்துத் தெருவை அடைத்தார்கள். ராணுவ நிபுணர்கள் அதைத் தகர்த்தார்கள். ஆனால் இதற்கான மருந்தும் வைத்தவரின் பொறுப்பில்தான் இருக்கிறது: நில உரிமையாளரிடம் அனுமதி பெறுவது, டப்பாவின் மேல் அது என்னவென்று தெளிவாக எழுதுவது, பரபரப்பான இடங்களைத் தவிர்ப்பது. போகும் வழியில் குப்பையைப் பொறுக்கி வருவதை 2002 முதலே ஓர் இயக்கமாக இவர்கள் நடத்துகிறார்கள். டப்பாவே இல்லாமல், பாறையையும் நிலவமைப்பையும் பார்த்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் எர்த்கேச் வகையும் உண்டு. பொறுப்போடு ஆட வழி இருக்கும்போது விளையாட்டையே தடை செய்யத் தேவையில்லை.

ஆகவே ஆண்டுக் கணக்கில் வேறு கேள்விகளும் இடம்பெற வேண்டும். வைத்த டப்பாவை மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தோமா? நனைந்த தாளை மாற்றினோமா? கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதினோமா? பராமரிக்க முடியாததை எடுத்துவிட்டோமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடியாதவர்கள் புதிய ஆண்டில் இன்னொரு டப்பாவைத் தேடிப் புறப்படும் முன், தாங்கள் வைத்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.