‘வேல்யூ’ வந்தா போதுமா?

ஃபிசிக்ஸ் லேப்ல கேபிலரி ரைஸ் செய்திருப்பீங்க. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன்னு நமக்கு முன்னாடியே தெரியும். 0.061 வந்தா என்ன செய்வோம்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை ‘வர வைப்போம்’. நானும் வர வெச்சவன்தான்.

ஆனா அந்த 0.072-ஐ யாரோ ஒருத்தர் விடை தெரியாமலே அளந்திருக்கணுமே? அது எவ்வளவு பெரிய வேலைன்னு புரியணும்னா, உருகிய அணு எரிபொருளை நினைச்சுப் பாருங்க.

கடலூரிலிருந்து புதுச்சேரி தாண்டி கடலோரமாகவே போனா கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலை இருக்கு. எரிபொருள் யுரேனியம்-புளூட்டோனியம் ஆக்சைடு கலவை. குளிர்விப்பது திரவ சோடியம். மோசமான விபத்தில் எரிபொருள் உருகினா, கீழே பிடித்து வைக்க உலைக்கலனின் அடியில் ஓர் அமைப்பு உண்டு. உருகல் சோடியத்தில் எப்படி உடைந்து சிதறும்னு கணக்கிட, அதன் அடர்த்தி, பரப்பு இழுவிசை, பாகுநிலை எல்லாம் தெரியணும்.

யுரேனியம் டை ஆக்சைடு உருகுவது சுமார் 2,850 டிகிரி செல்சியஸில். எந்தப் பாத்திரத்தில் வெச்சு அளப்பீங்க? பிளாட்டினம் 1,768-லேயே உருகிடும். டங்ஸ்டன் 3,422 வரை தாங்கும். ஆனா அந்தச் சூட்டில் பாத்திரமே உருகலோடு வினைபுரிந்து அளவைக் கெடுக்கலாம்.

பாத்திரமே வேண்டாம்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சர்வதேச விண்வெளி நிலையத்தில், ஜப்பானின் கிபோ பகுதியில், அலுமினா போன்ற ஆக்சைடுகளின் சுமார் 2 மில்லிமீட்டர் உருண்டையை நிலைமின் விசையால் மிதக்கவிட்டு லேசரால் உருக்குறாங்க. படத்திலிருந்து கன அளவு, அதோடு எடை சேர்ந்தா அடர்த்தி. துளியை அதிரவிட்டா, அதிர்வெண் பரப்பு இழுவிசையைச் சொல்லும். அதிர்வு அடங்கும் வேகம் பாகுநிலையைச் சொல்லும்.

இவ்வளவு பாடுபட்டும் ‘பிளஸ் மைனஸ்’ போட்டுத்தான் எண்ணைத் தருவாங்க. அந்தப் பிளஸ் மைனஸை வெச்சுத்தான் பாதுகாப்புக்கு எவ்வளவு இடைவெளி விடணும்னு பொறியாளர் முடிவு செய்வார். பழைய ஆய்வோடு ஒத்துப்போகட்டும்னு யாராவது ரீடிங்கை வர வெச்சா, இல்லாத உறுதி இருப்பதாக அவர் நம்பிடுவார்.

அதனால, அடுத்த லேப்ல 0.061 வந்தா 0.061-ன்னே எழுதுங்க. குழாயில் சோப்பு ஒட்டியிருந்ததான்னு பாருங்க, மறுபடி எடுங்க, காரணத்தையும் ரெக்கார்டில் எழுதுங்க. ஆசிரியர்களே, அந்தக் காரணத்துக்கும் மார்க் போடுங்க. இன்னைக்கு ரெண்டு மார்க்குக்காக வர வைக்கிற கை, நாளைக்கு உலைக்கான ரீடிங்கை மட்டும் ஒழுங்கா எழுதிடுமா?