மீ சோனுக்கு ஒரே ஒரு மணி நேரமா?

வியட்நாம் பயணத் திட்டம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல வந்ததிலிருந்து ஆளுக்கொரு பேச்சு. தொண்டூழியர்கள் நாங்க கூடிப் பேசினதை இங்க வெளிப்படையா எழுதுறோம். கோபம் வந்தா, முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

‘பழமையான சிவாலய யாத்திரை’ன்னு தலைப்பு. உள்ளே பார்த்தா நாலு நாள்ல பா நா மலையின் தங்கப் பாலத்துக்கு ஒரு முழு நாள், கடைத்தெருவுக்கு அரை நாள், மீ சோன் கோயில்களுக்கு ஒரு மணி நேரம்! டா நாங் நகரத்திலிருந்து அங்க போக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பஸ்ஸுல உட்கார்ற நேரத்துல பாதிகூட சாமி இடத்துல இல்லை.

“அங்க பூசை கிடையாது, இடிஞ்ச செங்கல்தானே, அதுக்கு எதுக்கு அரை நாள்?”னு குழுவுல ஒரு கேள்வி. நாங்க கேக்குறோம்: 2013-ல நம்ம கெடா பூஜாங் பள்ளத்தாக்குல ஒரு பழங்கோயிலின் அடித்தளத்தை இடிச்சப்போ எப்படிக் கொதிச்சோம்? அப்போ “செங்கல்தானே”ன்னு யாராவது சொன்னோமா?

நாலாம் நூற்றாண்டின் கடைசியில பத்ரவர்மன் என்ற சம்பா மன்னர் அந்த மலைப் பள்ளத்தாக்குல சிவனுக்குக் கோயில் எழுப்பினார். தன் பேரையே சேர்த்து சாமிக்கு பத்ரேஸ்வரர்னு பேர் வச்சார். பின்னால வந்த மன்னர்கள் நூற்றாண்டு நூற்றாண்டா கட்டிக்கிட்டே போனாங்க. எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள். செங்கல்லுக்கு நடுவுல சாந்து வச்ச தடமே கண்ணுக்குத் தெரியாது. 1969 ஆகஸ்ட்டுல அமெரிக்கப் படையின் தாக்குதல்ல பெரும்பகுதி நொறுங்கிப் போச்சு. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கு. மிச்சத்தைக் காப்பாத்த 1980-கள்ல போலந்திலிருந்து க்வியத்கோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வந்தார். வியட்நாமின் பழங்கட்டடங்களுக்காகவே உழைச்சு, 1997-ல ஹுவே நகரத்துலயே உயிரை விட்டார். அவர் இந்துவும் இல்லை, தமிழரும் இல்லை. 1999-ல யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமா அறிவிச்சது. 2020 மே மாசம், இந்தியத் தொல்லியல் துறையின் சீரமைப்புப் பணியில ஒரே கல்லாலான சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம். அதைப் பார்க்கப் போற நாம கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கணுமா?

இன்னொன்னு. “ராஜராஜ சோழன் கட்டியது, பகிருங்கள்”னு ஒரு பார்வர்ட் சுத்துது. தயவுசெய்து நிறுத்துங்க. விஜயாலயன் தஞ்சையைப் பிடிச்சதே ஒன்பதாம் நூற்றாண்டுல. பத்ரவர்மன் அதுக்கு நானூறு வருஷத்துக்கு முந்தி. சோழர் பெருமை பேச நமக்குக் கடாரம் இருக்கே, இது எதுக்கு?

கட்டியது சாம் மக்கள். அவங்க மொழி மலாய்க்குச் சொந்தம். ரெண்டுக்கு ‘துவா’, அஞ்சுக்கு ‘லிமா’. சமஸ்கிருதமும், தென்னிந்திய எழுத்தோடு உறவுள்ள எழுத்தும் அவங்க கல்வெட்டுல இருக்கு, அந்த உறவு உண்மை. ஆனா கோயில் அவங்களோடது. அவங்கள்ல ஒரு பகுதியினர் இன்னைக்கும் சிவ வழிபாட்டை விடலை. தெற்கே பான் ராங் பக்கம் போ கிலோங் கராய் கோயில்ல முகலிங்கத்துக்கு உடை சாத்தி, வருஷா வருஷம் காத்தே திருவிழா எடுக்கிறாங்க. பேரப் பிள்ளைகள் உயிரோட இருக்கும்போது அவங்க வீட்டு வாசல்ல நின்னு “எங்க தாத்தா கட்டியது”ன்னு சொன்னா அது பக்தியா?

அபிஷேகத்துக்குப் பால், கற்பூரம் கொண்டு போகலாம்னு சொன்ன அக்காமார்களுக்கு: வேணாம்க்கா. எண்ணெயும் புகையும் அந்தச் செங்கல்லைக் கெடுக்கும். கைகூப்பி மனசுக்குள்ள பஞ்சாட்சரம் சொல்லுங்க, போதும்.

அடுத்து ஆறு. ஹோய் ஆன் ஊர்ல ராத்திரி விளக்குப் படகு, கூடைப் படகுல பாட்டு, ஆட்டம்னு போட்டிருக்கு. ஆடட்டும். ஆனா அந்தத் தூ போன் ஆறுதான் சம்பாவின் ஆறு. அதன் சமவெளியிலதான் அவங்க தலைநகர் சிம்மபுரம் இருந்தது; ஹோய் ஆன் பக்கம்தான் அது கடல்ல சேருது. மீ சோன் பார்த்துட்டுத் திரும்பும்போது கொஞ்ச தூரமாவது படகுல வரலாம், அந்த ஏற்பாடு அங்க உண்டு. வருஷக் கடைசி விடுமுறையில போறதும் சரியில்லை. அக்டோபர், நவம்பர்ல அங்க வெள்ளக் காலம், ஹோய் ஆன் தெருவுலயே தண்ணி ஏறும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள்ள வைங்க.

நாங்க கேட்கிறது இதுதான்: பா நா மலையை எடுத்துடுங்க. முதல் நாள் டா நாங்ல சாம் சிற்ப அருங்காட்சியகம், மறுநாள் விடியக்காலையிலேயே மீ சோன், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. வயசானவங்களுக்கும் அதான் நல்லது.

முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இந்த ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துக்கு வாங்க, பேசுவோம். தங்கப் பாலம்தான் வேணும்கிறவங்களும் வாங்க. அப்படியே போறதா முடிவானா, நோட்டீஸ்ல ‘யாத்திரை’ங்கிற சொல்லை மட்டும் எடுத்துடச் சொல்லிக் கேட்போம்.