கதையைக் கேட்டோம்; ஒலியைக் கேட்டோமா?

மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் ஒரு சிறுமியையும், தனியாளாக அவளை வளர்க்கும் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படம் தந்த உந்துதலில் பாடகி பிரியா ரகு அதே பெயரில் ஒரு பாட்டு செய்தார். 2021 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய 'டேம்ன்ஷீஸ்தமிழ்' மிக்ஸ்டேப்பில் அது இருக்கிறது. நம் கடற்கரைக் கதை சோல் பாட்டாகி ஊர் ஊராகப் போனதில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெருமைப்பட்டதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

பிரியா ரகு சுவிட்சர்லாந்தில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் தமிழ்ப் பாட்டு, வெளியே ஆர் அண்ட் பி என்று வளர்ந்தவர். விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஜாஃப்னா கோல்ட் என்ற பெயரில் இசையமைக்கும் அண்ணனோடு சேர்ந்து பாட்டுகளை உருவாக்கினார். 'குட் லவ் 2.0' ஃபிஃபா 21 விளையாட்டில் இடம்பிடித்தது; வார்னர் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது; பிபிசியின் 'சவுண்ட் ஆஃப் 2022' பட்டியலிலும் பெயர் வந்தது. முதல் ஸ்டுடியோ ஆல்பமான 'சந்தோசம்' 2023 அக்டோபரில்தான் வந்தது. தனிப்பாட்டு, மிக்ஸ்டேப், பிறகு ஆல்பம் என்று படிப்படியாக வந்த வரிசை இது. தயாரிப்பாளரான அண்ணன் கூடவே வளர்ந்தவர் என்பதால், பாடகியின் குரல் எங்கே குழையும், எங்கே இறுகும் என்பது அவருக்கு மைக் வைப்பதற்கு முன்பே தெரியும்.

இந்த இசையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த குடும்பம், அப்பாவின் கண்டிப்பு, இரண்டு பண்பாட்டுக்கு நடுவே வளர்ந்த பெண் என்று வாழ்க்கைக் கதையையே எழுதினார்கள். பாட்டுகளே அந்தக் கதையைச் சொல்வதால் அதில் பிழையில்லை. ஆனால் மிக்ஸைப் பற்றி யார் பேசுவது? அது நம் வேலை.

ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். சோல் பாடகர் ஒரு அசையை இழுக்கும்போது பெரும்பாலும் சுரங்கள் தனித்தனிப் படிகளாக இறங்கும். நம் கமகம் இரண்டு சுரத்துக்கு நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஒரே குரல் இரண்டையும் பாடும்போது, பிட்ச் கரெக்‌ஷனை ஆங்கில வரிக்கு வைத்த வேகத்திலேயே தமிழ் வரிக்கும் விட்டால், அசைவு வெட்டுப்பட்டுப் படியாகிவிடும். சுருதி சுத்தமாக இருக்கும், பாவம் போய்விடும். ஒரே பாட்டானாலும் வரிக்கு வரி அமைப்பை மாற்ற வேண்டும். கமகம் வரும் இடத்தில் மெதுவாக்க வேண்டும், அல்லது கைவைக்காமலே விட வேண்டும்.

தாளத்திலும் இதே சிக்கல்தான். கிக் டிரம் உட்காரும் அடித்தளத்தில் தவிலின் தொப்பியும் வந்து உட்காரப் பார்க்கும். பறையின் உயிர் குச்சி படும் அந்த முதல் நொடியில் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவதற்காக லிமிட்டரை இறுக்கினால் முதலில் சாவது அதுதான். கடைசியில் நம் வாத்தியம் மணத்துக்குத் தூவிய கறிவேப்பிலை போல ஓரத்தில் கிடக்கும். அதைத் தாளத்தின் முதுகெலும்பாக வைக்க நினைத்தால், அந்த முடிவை மிக்ஸுக்கு முன்பே, பாட்டு கட்டும்போதே எடுத்தாக வேண்டும்.

சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வேலை செய்கிற நம்மில் பலர் சினிமாவின் அவசரத்துக்குப் பழகியவர்கள். நாளைக்குப் பாட்டு போக வேண்டும் என்றால் மேலே சொன்ன எதையும் யோசிக்க நேரம் இருக்காது. தனி ஆல்பம் அந்த நேரத்தைத் தருகிறது. தமிழில் பாடும் இளம் பாடகர் ஒருவர் உங்கள் கூடத்துக்கு வந்தால் ஒரு பாட்டோடு அனுப்பிவிடாதீர்கள். எட்டுப் பத்துப் பாட்டு சேரும்வரை கூட இருங்கள். அந்தப் பதிவுகளில் எங்கே கைவைத்தீர்கள், எங்கே விட்டுவிட்டீர்கள் என்பதை இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். பாடகரின் கதையை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இதை எழுத நாம்தான் இருக்கிறோம்.