வெட்கத்தின் பெயரால் உயிரை இழப்பதா?



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஜமாஅத்தில் பேசலாம் என்றால், "அது ஹயாவுக்கு முரண்" என்று ஒரு சாரார் தடுக்கின்றனர். அவ்வாதத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதே நம் நிலைப்பாடு.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள், தமக்கு உதிரம் நிற்காமல் போவதை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். நபியவர்கள் கண்டிக்கவில்லை, அது மாதவிடாய் அன்று என விளக்கித் தொழுகைச் சட்டத்தையும் கூறினார்கள். அவர் வெட்கி மௌனம் காத்திருந்தால், 'இஸ்திஹாளா' பாடத்தில் இன்று நாம் எதை ஓதிக்கொடுப்போம்? அவ்வுதிரத்திற்குச் சட்டம் சொல்லும் நாவு, "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல ஏன் கூச வேண்டும்? மாதவிடாய் முற்றிலும் நின்ற பின்னரோ, தாம்பத்தியத்திற்குப் பின்னரோ உதிரம் காண்பது இந்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

"வருவது விதிப்படி வரும், பரிசோதனை எதற்கு?" என்பாரும் உளர். எரியோட்டு மக்களுக்கான பதில் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000 முதல் 2003 வரை, அம்பிளிக்கை மருத்துவ மையத்தின் துணையுடன், இம்மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பர். மாற்றமடைந்த பகுதி வெளுத்துத் தெரியும். செலவு குறைந்த, சில நிமிடச் சோதனை அது. பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேரும் மரணம், வழங்கப்படாத பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் வெளியான முடிவு காட்டியது. பரிசோதனையும் சிகிச்சையும் அல்லாஹ்வின் விதிக்கு வெளியே உள்ளவையா என்ன?

ஆனால், அழைக்கப்பட்ட 49,311 பெண்களுள் வந்தவர்கள் 31,343 பேரே. வாசல்வரை வந்த வாய்ப்பை ஏறத்தாழ 18,000 பெண்கள் பெறவில்லை. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசம். பெண் செவிலியரையே கேட்டுப் பெறலாம். மருத்துவத் தேவைக்கு மார்க்கத்தில் தடையுமில்லை.

கணவன்மார்களே! முப்பது வயது கடந்த மனைவியை, நோய் தெரியும்வரை காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள். ஆலிமாக்களே! பெண்கள் தஃலீமில் இதைத் தெளிவாகப் பேசுங்கள். ஹயா பாவத்திலிருந்து காக்கும் கேடயம். சிகிச்சையைத் தடுக்கும் சுவரன்று.

வல்லோன் அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.