வீட்டுக்குள் ஒரு மாடிப்படி



வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் விடுப்பில் வரும்போது அத்தர்ப் புட்டிகளோடும் போர்வைகளோடும் உடற்பயிற்சிக் கருவி ஒன்றையும் தாய்தந்தையருக்காகச் சுமந்து வருவதுண்டு. தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், இடலாக்குடி போன்ற நம் ஊர்களில் இத்தகைய கருவி இருக்கும் இல்லங்களை நீங்களும் அறிந்திருப்பீர்கள். இரண்டு மிதிகளும் அவற்றின் அடியில் இரண்டு இரும்புக் குழாய்களும் கொண்ட 'ஸ்டெப்பர்' என்னும் படியேறும் கருவி அவற்றுள் ஒன்று. இடத்தை அடைப்பதில்லை, மின்சாரம் கேட்பதில்லை, வெளியே நடக்கச் செல்ல வாய்ப்பில்லாத இல்லத்தரசிகளுக்கு ஏற்றது என்பன இதன் சிறப்புகள். ஆயினும் இதன் உள்ளமைப்பை அறியாமல் பயன்படுத்துவோர் பலர். அறியாமையால் விளையும் தீங்கு முதியவர்களையே முதலில் தாக்கும் என்பதால் இம்மாதம் இதனை விரிவாக நோக்குவோம்.

படியேறும் பொறி மனிதனுக்குப் புதிதன்று. 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். சுழலும் பெரிய உருளையின் விளிம்பில் படிகள் இருக்கும். கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் அவற்றை மிதிப்பர். எவ்வளவு ஏறினாலும் நின்ற இடத்திலேயே நிற்பர். சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது; வேறு சிலவற்றிலோ பெரிய விசிறியோடு இணைக்கப்பட்டு, காற்றை அரைப்பதன்றி வேறு பயனின்றிச் சுழன்றது. 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்திற்குப் பின்னர் இங்கிலாந்தில் அது வழக்கொழிந்தது. 1980களில் அமெரிக்காவின் துல்சா நகரில் தோன்றிய 'ஸ்டேர்மாஸ்டர்' நிறுவனம் படியேறும் கருவியை உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் தண்டனையாக இருந்ததை மக்கள் பணம் கொடுத்துச் செய்யலாயினர்.

நம் தமிழகத்திலோ கால்களால் மிதிக்கும் உழைப்பு பயிரை வளர்த்தது. ஏற்றமரத்தின் மீது ஆள் முன்னும் பின்னுமாக நடக்க, கிணற்று நீர் மேலே வந்தது. அங்கே உழைப்பு நீராகக் கண்ணுக்குத் தெரிந்தது. இக்கருவியிலோ உழைப்பு எங்கே போகிறது? அதற்கான விடை அந்த இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது.

குழாயினுள் எண்ணெய் நிரம்பியிருக்கும். அதனுள் ஒரு தண்டின் முனையில் பிஸ்டன் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் மிதியை அழுத்தும்போது பிஸ்டன் நகர்கிறது. எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பிஸ்டனின் மறுபுறம் செல்ல வேண்டியதாகிறது. ஊசி மருந்து செலுத்தும் சிரிஞ்சில் நீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் எளிதாகச் செல்லும். விரைந்து அழுத்தினால் கை நோகும். சிறு துளை வழியே பாயும் நீர்மத்தின் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரிலும், அலுவலகக் கதவைத் தானே மெல்லச் சாத்தும் கருவியிலும் இதே முறைதான் உள்ளது. ஒரு கால் இறங்கும்போது மறு மிதி மேலெழுவதற்காகப் பல கருவிகளில் கம்பிவடமும் கப்பியும் இரு மிதிகளையும் இணைக்கின்றன.

எண்ணெயின் எதிர்ப்புக்கு ஒரு நற்குணம் உண்டு. அழுத்திய வில்சுருள் திருப்பி உதைக்கும். எண்ணெய் அவ்வாறு உதைப்பதில்லை. நீங்கள் நின்றால் அதுவும் நின்றுவிடும். பெற்றுக்கொண்ட உழைப்பை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது. பதினைந்து நிமிடங்கள் மிதித்தபின் குழாயைத் தொட்டால் சுடுவது இதனாலேயே. ஏற்றத்தில் நீரான உழைப்பு இங்கே சூடாகிறது.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். குழாயின் மேல், அல்லது அதன் அருகில், ஒரு திருகு இருக்கும். அதனை இறுக்கினால் பயிற்சி கடினமாகும், தளர்த்தினால் எளிதாகும் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆகவே, "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, உம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது" என்று பிள்ளைகள் அன்போடு திருகைத் தளர்த்திக் கொடுக்கின்றனர். உண்மையில் நிகழ்வது நேர்மாறானது.

மிதியின் மீது நீங்கள் நிற்கும்போது அதனை அழுத்துவது உங்கள் உடல் எடையே. திருகை எப்படித் திருப்பினாலும் எடை மாறுவதில்லை. மிதி இறங்கும் வேகமே மாறுகிறது. இறுக்கினால் துளை குறுகி மிதி மெல்ல இறங்கும். தளர்த்தினால் விரைந்து இறங்கும். அடுத்த காலை உடனே மாற்ற வேண்டியிருக்கும். நிமிடத்திற்கு 20 படிகள் ஏறியவர் 35 அல்லது 40 படிகள் ஏற நேரிடும். ஒவ்வொரு படிக்கும் ஆகும் உழைப்பு ஒன்றே என்பதால், படிகள் இரட்டித்தால் இதயத்தின் வேலையும் அதற்கேற்பக் கூடும். காலை மாற்றத் தாமதித்தாலோ மிதி அடித்தட்டில் மோதி முழங்காலில் அதிர்ச்சியை உண்டாக்கும். எனவே தொடங்குவோரும் முதியோரும் திருகைச் சற்று இறுக்கமாக வைத்து, மெல்ல இறங்கும் மிதியில் பழகுவதே நன்று.

சில கருவிகளில் திருகு எண்ணெய்த் துளையை மாற்றாமல் மிதி இறங்கும் ஆழத்தை மட்டும் மாற்றும். ஆழம் கூடினால் ஒவ்வொரு படிக்குமான உழைப்பும் கூடும். உங்கள் கருவி எவ்வகை என்பதைத் திருகைத் திருப்பி ஒரு முறை மிதித்துப் பார்த்தே அறியலாம்.

எண்ணெய் சூடேறினால் இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொடக்கத்தில் மெல்ல இறங்கிய மிதி, பதினைந்து நிமிடங்களுக்குப் பின் நீங்கள் திருகைத் தொடாமலே விரைந்து இறங்கும். உடல் களைக்கும் வேளையில் கருவி வேகம் கேட்கிறது. அப்போது நிறுத்திக் குழாயை ஆறவிடுவதே முறை. கருவிக்கும் உங்களுக்கும் அது ஓய்வாகும்.

பயன் எவ்வளவு என்பதையும் கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ளவர் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒரு முறை மிதித்தால் ஆகும் வேலை ஏறத்தாழ 118 ஜூல். நம் மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, அதாவது ஏறத்தாழ 35 மீட்டர். 175 முறை மிதித்தால் அந்த உயரத்தை ஏறியதற்கு ஒப்பாகும். நிமிடத்திற்கு 25 வீதம் 20 நிமிடங்கள் மிதித்தால் 500 படிகள். கிட்டத்தட்ட மூன்று தொட்டிப்பால உயரம். உடல் தான் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே வேலையாக மாற்றும் என்பதால், இதற்கு ஏறத்தாழ 60 முதல் 70 கலோரி செலவாகும். நேந்திரங்காய் சிப்ஸில் ஒரு சிறு கைப்பிடி இதனை ஈடுசெய்துவிடும்! ஆகவே கருவி வாங்கிவிட்டோம் என்று உணவில் அளவை மறந்துவிடலாகாது.

அப்படியாயின் பயனில்லையா? உண்டு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் துன்புறுவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. தொடைத் தசையோ உடலின் பெருந்தசைகளுள் ஒன்று. வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதனை நாள்தோறும் சிறிது சிறிதாக வீட்டிலேயே நிறைவேற்ற இக்கருவி உதவும்.

சில எச்சரிக்கைகள்: கைப்பிடி இல்லாத சிறு கருவியைச் சுவரையோ கனமான மேசையையோ ஒட்டி வைத்து, பற்றிக்கொள்ளும் வசதியோடு ஏறுங்கள். ஆனால் பிடிப்பில் சாய்ந்து நிற்காதீர்கள். கை தாங்கும் எடை அளவுக்குக் காலின் உழைப்பு குறைந்துவிடும். புடவை, மேக்ஸி ஆகியவற்றின் விளிம்பு மிதியில் சிக்காதவாறு உடுத்துங்கள். மிதியின் அடியில் குழந்தைகளின் விரல் நசுங்கக்கூடும். குழாயின் அடியில் எண்ணெய்க் கசிவு தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். டைல்ஸ் தரையில் ஒரு துளி எண்ணெய் போதும், இடுப்பெலும்பு முறிய. இதயநோய், மூட்டுத் தேய்மானம், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஏற வேண்டாம்.

கருவியின் எண்காட்டி பாதி மிதியையும் முழு மிதியாகவே எண்ணும். அதனை நம்பாதீர்கள், உங்கள் மூச்சை நம்புங்கள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான அளவு. பேச்சே தடைபட்டால் இறங்கி அமருங்கள்.

கடல் கடந்து உழைத்த காசில் பிள்ளை அனுப்பிய அன்பளிப்பு, கட்டிலுக்கடியில் தூசு படிந்து கிடப்பதும் வருத்தமே. அறியாமல் மிதித்துப் பெற்றோர் விழுந்துவிடுவது அதனினும் பெரிய வருத்தம். எனவே அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டியைப் பிரித்துக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதென எண்ணாதீர்கள். திருகு எதற்கென்று உம்மாவுக்கு விளக்கி, முதல் பத்து நிமிடங்கள் அருகில் நின்று, அதன் பிறகே பயணப்படுங்கள்.